ஆலத்தட்டும் பத்தாவது சோதனையும்

அக்கா, கால கொஞ்சம் பாத்து வைங்க. அந்தப் பைக்குள்ள பித்தளைத் தட்டு இருக்கு. எங்கம்மா எனக்குச் சீர் குடுத்தது. இன்னிக்கு ஊர்ல என் பேரு ரிப்பேர் ஆனதுக்கு அந்தத் தட்டுதான் காரணம். தட்டு இல்ல, என் மக. மகளும் இல்லன்னு வைங்க. ஐயோ, முதல்லருந்து சொல்றேன். மதுரை வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல?

அதோ, மூணாவது சீட்டுல சன்னலோரமா ரெட்டைச் சடை போட்டு உக்காந்திருக்கு பாருங்க, அதுதான். சமிக்ஷா. ஆறாவது முடிச்சு ஏழாவது போறா. என் பக்கத்துல உக்கார மாட்டாளாம். பதினெட்டு நாளாச்சு என்கிட்ட ஒரு வார்த்த பேசி. மெதுவாப் பேசுறேன், அவளுக்குக் கேட்டுறக் கூடாது. எனக்குக் குரலே எழும்பாதுக்கா, பொறந்ததுலருந்தே அப்படித்தான்.

எல்லாத்துக்கும் ஆரம்பம் அவ சயின்ஸ் டீச்சர். முழுப் பரீட்ச முடிஞ்சு லீவு விட்டா புள்ளைங்கள சும்மா விட வேண்டியதுதான? ஒரு நோட்டக் குடுத்து, ‘வீட்டிலேயே செய்து மகிழலாம், பத்து சோதனைகள்’னு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்ல இருக்குற சாமானே போதுமாம், செலவே கிடையாதாம், பத்தாவத மட்டும் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணுமாம். ஒவ்வொண்ணா செஞ்சு, என்ன பாத்தோம், ஏன் அப்படி ஆச்சுன்னு எழுதி, கீழ பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். யாரு மகிழுறது? டீச்சர் அவங்க வீட்ல மகிழ்ச்சியா இருந்திருப்பாங்க. என் அடுப்படிதான் நாசமாப் போச்சு.

மொத சோதனை முட்டை. ஒரு முட்டைய வினிகர்ல ரெண்டு நாள் ஊறப் போட்டா ஓடு கரைஞ்சு ரப்பர் மாதிரி ஆயிருமாம். ஆச்சு. நல்லாத்தான் ஆச்சு. அத ஒரு கிண்ணத்துல போட்டு அடுப்பு மேடையில வச்சுட்டு விளையாடப் போயிட்டா. எங்க வீட்டுக்காரரு ஆம்லெட் போடலாம்னு அந்த முட்டைய எடுத்து மேடை ஓரத்துல ஒரு தட்டு தட்டுறாரு, உடையல. இன்னொரு தட்டு, உடையல. நாலாவது தடவ மூச்ச அடக்கிட்டு ஓங்கித் தட்டினாரு பாருங்க, மூஞ்சி மீச கண்ணாடி எல்லாம் மஞ்சக் கரு. இவ ஓடி வந்து அப்பாவுக்கு மூஞ்சி தொடச்சு விடுறதுக்குப் பதிலா, ‘மூன்று தட்டு தாங்கும்’னு நோட்டுல எழுதுறாக்கா.

ரெண்டாவது மிளகு. தண்ணியில மிளகுத் தூளத் தூவி, சோப்பு தொட்ட விரல நடுவுல வச்சா மிளகெல்லாம் விலகி ஓரத்துக்கு ஓடுமாம். ஓடட்டும், அத ஒரு கிண்ணத்துல செய்யக் கூடாதா? நான் எறக்கி வச்ச ரசத்துல செஞ்சிருக்கா. மிளகு தயாரா மெதந்துட்டு இருந்துச்சாம். எனக்குத் தெரியாது, ஊத்திட்டேன். அவரு சாப்பிட்டுட்டு, ‘இன்னிக்கு ரசம் எலுமிச்சை வாசமா அருமையா இருக்கு’ன்னு ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாரு. கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல என் ரசத்த அந்த மனுசன் பாராட்டினது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் எலுமிச்சைச் சாறுல எழுதுறது. எழுதினா கண்ணுக்குத் தெரியாது, வெறும் வெள்ளைத் தாளு. சூடு காட்டினா எழுத்து பழுப்பா மேல வரும். ஒரு நாள் துணிக்கு இஸ்திரி போடுறேன், துணிக்கு அடியில ஒரு தாளு சிக்கிருச்சு போல. எடுத்துப் பாத்தா, ‘அம்மா இன்று பதினோரு முறை கத்தினார்’னு எழுத்து வருது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? பதினொண்ணாம்! அன்னிக்கு எட்டுக்கு மேல இருக்கவே இருக்காது. கணக்குத் தப்பா எழுதுற பிள்ளைக்கு சயின்ஸ் எதுக்குன்னு கேட்டேன். அது பன்னெண்டாவதுன்னு எழுதிக்கிட்டா.

இதுல வீட்ல ஒரு எலுமிச்சம்பழம் தங்காது. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மஞ்சள் சோதனைன்னு ஒண்ணு. மஞ்சத் தண்ணியில சோப்பு பட்டா செவக்கும், புளிப்பு பட்டா மறுபடி மஞ்சளாகும்னு என்னமோ அதிசயத்தக் கண்டுபிடிச்ச மாதிரி என்னக் கூப்பிட்டுக் காட்டுறா. நான் சிரிச்சுட்டேன். ஏண்டி, உங்கப்பா சட்டையில சாம்பார் கறை பட்டு, சோப்புப் போட்டா செவப்பாகுறத நான் தெனம் பாக்குறேன். ஆலத்துக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குது, என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே கலக்குறேன். இதுக்குப் போயி சயின்ஸா, போடின்னு சொல்லிட்டேன்.

ஆலம்னதும் சொல்லணும்க்கா. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணமோ வளைகாப்போ, ஆலம் எடுக்க சொர்ணவல்லிதான் வரணும்பாங்க. நாந்தான் சொர்ணவல்லி. கைராசி. நான் கலக்குனா செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு. சுண்ணாம்பக் கொட்டக் கூடாது, ஒரு சிட்டிகைதான், கருத்துறாம இருக்கணும். நான் ஆலம் எடுத்து உள்ள விட்ட எந்தப் பொண்ணும் கண்ணக் கசக்கிட்டுத் திரும்பி வந்ததில்ல. ஒருத்தி வந்தா, அவ கத ஆறு மாசம் பேச வேண்டிய கத, அத விடுங்க.

போன மாசம் என் தம்பி பாண்டீஸ்வரனுக்குக் கல்யாணம், அருப்புக்கோட்டையில. வியாழக்கிழம முகூர்த்தம். மண்டபத்துல தாலி கட்டி முடிச்சு, சாப்பிட்டு, மத்தியானம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைச்சுட்டு வரணும். ஒன்றரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பொண்ணு வாசப்படி தாண்டிறணும். நான் முன்னாடியே வந்து எல்லாம் ரெடி பண்ணிட்டேன். காலையிலயே இந்தத் தட்ட எடுத்து, புளிய நல்லாக் கெட்டியாப் பூசி, ஓரத்துல பூ வேலை இருக்குல்ல, அந்த இடுக்கெல்லாம் புளி ஏறுற மாதிரி தேச்சுத் தேச்சு, தங்கம் தோத்துப் போகும், அப்படி மின்னுச்சு. அன்னிக்குப் பாத்து பைப்புல தண்ணி இல்ல. கல்யாண வீடு, அத்தன பேரு வர்றாங்க, ஒரு கொடம் தண்ணிதான் மிச்சம். ஒரு தட்டுக்காக அதச் செலவு பண்ணுவாங்களா? கழுவல, துணிய வச்சு தொடச்சுட்டேன். எனக்குப் பொறுப்பு ஜாஸ்திக்கா.

காரு வந்து நிக்குது. மணி ஒண்ணு அஞ்சு. செம்புல கலக்குன ஆலம் ரத்தச் செவப்பா இருக்கு. தட்டுல ஊத்துறேன். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிட்டேன், இன்னொரு பக்கம் எங்க பெரியப்பா மக. வாசலுக்கு வந்து பொண்ணு மாப்பிள்ள முன்னாடி நின்னு ஒரு சுத்து சுத்தியிருப்போம். பொண்ணோட பெரியம்மா ‘ஐயையோ’ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. குனிஞ்சு பாக்குறேன், தட்டுல ஆலம் வெளுத்துட்டே போகுது. ரெண்டாவது சுத்துக்குள்ள வெறும் மஞ்சத் தண்ணி! என் கையில! என் ஆலம்!

அந்தப் பெரியம்மா பிடிச்சுக்கிட்டாங்க. ‘ஆலம் வெளுத்துப் போச்சு, எங்க பொண்ண உள்ள விட மாட்டோம்’. எங்க பெரியப்பா, ‘உள்ள வராம எங்க போகும், தாலி கட்டியாச்சுல்ல?’ன்னு எகிறுறாரு. ‘அப்போ மாப்பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம்’கிறாங்க அவங்க. என் தம்பி என்னடான்னா எங்க கூட்டிட்டுப் போனாலும் சரின்னு பொண்ணு கையப் பிடிச்சுட்டு நிக்கிறான், மானங்கெட்டவன். மேளக்காரரு வேற, சண்டைன்னு தெரியாம, கெட்டிமேளம் வாசிக்கிறாரு. மணி ஒண்ணு இருவது. அந்தப் பொண்ணு கோமதி வெயில்ல வாசப்படியில நிக்குது, காலு சுட்டு ஒரு கால மாத்தி ஒரு கால வைக்குது, பாவம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அழுதுட்டேன்க்கா, நெசமா.

அப்போ கூட்டத்துக்குள்ள பூந்து வர்றா என் மக. பட்டுப் பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு நேரா பொண்ணோட தாய்மாமங்கிட்ட போறா. அவரு வாய் நிறைய வெத்தலை. ‘மாமா, உங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க’ங்கிறா. அவரும் குடுக்குறாரு. ஒரு விரல் அள்ளி என் தட்டுல போட்டுக் கலக்குறா. செவந்துச்சு பாருங்க! கண்ணு முன்னாடி, குப்புன்னு, முன்ன இருந்ததவிட ஒரு மடங்கு அதிகமா செவந்துச்சு. கூட்டமே ‘ஆ’ன்னுச்சு. அந்தப் பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மூணாவது சுத்த முடிச்சுப் பொட்டு வச்சேன். ஒண்ணு இருவத்தேழுக்கு கோமதி வலது கால எடுத்து வச்சு உள்ள வந்துச்சு. காலு சுட்ட சூட்டுல ஓட்டமா வந்துச்சு.

இதோட கத முடிஞ்சிருக்கணும். நானும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். எல்லாரும் என்னச் சுத்தி நின்னு, ‘என்ன சொர்ணம், உன் கைராசி என்னாச்சு?’ன்னு கேக்கவும் எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. இவள இழுத்து முன்னாடி நிறுத்தினேன். ‘உனக்கு மட்டும் எப்படிடி மருந்து தெரிஞ்சுச்சு? எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விட்டது நீதான? உன் பாழாப் போன சயின்ஸ என் ஆலத்துலயே காட்டுறியா?’ன்னு கேட்டேன். ‘நான் பிழியலம்மா’ன்னா. கார் சக்கரத்துக்கு வைக்க அஞ்சு எலுமிச்சம்பழம் வாங்கினோம். நாலு சக்கரத்துல நசுங்கியாச்சு, அஞ்சாவது எங்க? காணோம்! இதவிட என்ன சாட்சி வேணும்? அத்தன பேரு முன்னாடியும் திட்டித் தீத்துட்டேன். அவ அழல. சுண்ணாம்பு டப்பாவ மாமங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, வலது கைய மட்டும் பாவாடையில தொடச்சுக்கிட்டு, மாடிக்குப் போயிட்டா.

அன்னிக்குப் பூட்டின வாய்தான். கோவம்னா சத்தம் போடணும், சாமான உருட்டணும், எங்க குடும்பத்துல அதான் வழக்கம். இவ பேச மாட்டேங்கிறா. ஏதாவது சொல்லணும்னா ஒரு வெள்ளைத் தாள என் தலைமாட்டுல வச்சுட்டுப் போயிருவா. அத எடுத்துட்டுப் போயி சூடு காட்டினா, ‘எனக்கு இரண்டு தோசை போதும்’னு வருது. பெத்த மகளோட கோவத்தக்கூட நான் இஸ்திரி போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கு. ஒரு தாளுல எழுதியிருந்தா, ‘எல்லார் முன்னாடியும் சொன்னே. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லு’ன்னு. அந்தத் தாள நான் கொஞ்சம் கூடவே சூடு காட்டிக் கருக்கிட்டேன். தெரியாமத்தான்.

இப்போ ஒண்ணு சொல்றேன், உங்க மனசோட வச்சுக்கங்க, ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு மூணாவது நாளு, அவரு கல்யாணத்துக்குப் போட்ட சட்டைய ஊற வைக்கிறேன். பாக்கெட்டுல உருண்டையா என்னமோ இருக்கு. எடுத்தா, அஞ்சாவது எலுமிச்சம்பழம். முழுப் பழம், ஒரு கீறல் கிடையாது. மண்டபத்துல சக்கரத்துக்கு வச்சது போக மிச்சம்னு யாரோ கையில குடுத்தாங்களாம், பாக்கெட்டுல போட்டாராம், மறந்துட்டாராம். நான் என்ன செஞ்சேன்? சொல்லியிருக்கணும்தான். அந்தப் பழத்த ஊறுகாயாப் போட்டுட்டேன். அந்த ஊறுகாய ஒரு வாய் வைக்க முடியலக்கா. அவரு மட்டும் நல்லாருக்குன்னு தொட்டுக்கிறாரு.

இன்னிக்குத் தம்பி வீட்ல கறி விருந்து. தட்டையும் அங்கயே விட்டுட்டு வந்திருந்தோம், எடுத்துட்டு வரலாம்னு போனோம். அவருக்கு வேல, வரல. நான் சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசந்தேன். எந்திரிச்சுப் பாத்தா, பின்கட்டுல இவளும் கோமதியும் குத்த வச்சு உக்காந்து என் தட்டுக்குப் புளி பூசுறாங்க. தேச்சு, கழுவாம துணியால தொடச்சு, செம்புலருந்து ஆலத்த ஊத்துறாங்க. ஊத்திட்டு ரெண்டு பேரும் கன்னத்துல கைய வச்சுப் பாத்துட்டே இருக்காங்க. நானும் கதவு மறைவுல நின்னு பாத்தேன். வெளுத்துச்சு. அப்புறம் அதே தட்ட நல்லாக் கழுவிட்டு ஊத்தினாங்க. செவப்பு அப்படியே நிக்குது. கோமதி விழுந்து விழுந்து சிரிக்குது. சிரிக்கலாமா? நாத்தனாருன்னு ஒரு பயம் வேணாம்?

வரும்போது இந்த நோட்ட என் பையில சொருகிட்டு அங்க போயி உக்காந்துட்டா. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது, நாளைக்கே குடுக்கணுமாம். ஒம்போது சோதனைக்கு அவங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. இதுக்கு அப்பா கையெழுத்து வேண்டாமாம். இந்தாங்க, நீங்களே படிங்க, எனக்குக் கண்ணாடி வேணும். வேணாம், குடுங்க, நானே படிக்கிறேன்.

‘பத்தாவது சோதனை, நானே கண்டுபிடித்தது. மாமா கல்யாணத்தில் ஆலம் ஏன் மஞ்சள் ஆனது? காரணம்: தட்டைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுக் கழுவாமல் துடைத்தது. புளிப்பு சுண்ணாம்பின் வேலையைக் கெடுத்துவிட்டது. தேய்த்தவர்: அம்மா. சாட்சி: கோமதி அத்தை.’ கோமதி கையெழுத்து. அதுக்குக் கீழ, ‘பெற்றோர் கையொப்பம்’னு கோடு.

தேச்சவங்க பேரு எதுக்குக்கா? சயின்ஸ்ல பேரு எதுக்கு? அந்த டீச்சர் படிப்பாங்க. வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் படிக்கும். கைராசிக்காரின்னு இத்தன வருஷம் எடுத்த பேரு.

ஆனா ஒண்ணுக்கா. கழுவாதது நாந்தான. அந்தப் பிள்ள மட்டும் அன்னிக்கு டப்பாவ வாங்கிட்டு ஓடி வரலைன்னா, கோமதி இன்னும் வாசப்படியிலதான் நின்னுட்டு இருக்கும். எனக்காக ஓடி வந்தவள எல்லாரு முன்னாடியும் நிறுத்தி வச்சுத் திட்டினேன். ராத்திரி படுத்தா, அவ பாவாடையில கைய தொடச்சதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. சின்னக் கை. சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் செவந்து கெடந்துச்சு, எரிஞ்சிருக்கும்ல? நான் கேக்கவே இல்ல.

உங்ககிட்ட பேனா இருக்கா?

நோட்டப் பிடிச்சுக்கங்க, பஸ்ஸு குலுங்குது. இந்தா, போட்டாச்சு. எஸ். சொர்ணவல்லி. இருங்க இருங்க, பக்கத்துல ஒரு வரி எழுதிக்கிறேன். ‘குறிப்பு: புளி வாங்கியது வீட்டுக்காரர்.’ உள்ளத எழுதணும்ல.

முன் சீட்டு அண்ணே, இத அந்த மூணாவது சீட்டுப் பாப்பாகிட்ட குடுங்க. ரெட்டைச் சடை. ஆமாண்ணே.

வாங்கிட்டா. படிக்கிறா. தோளு குலுங்குது, சிரிக்கிறாளா அழுகிறாளா? எனக்கு இங்கருந்து தெரியல, நீங்க எட்டிப் பாருங்களேன். என்ன, நோட்டு திரும்பி வருது? என்னமோ எழுதியிருக்கா. ‘எலுமிச்சை?’ அம்புட்டுத்தான். ஒரு கேள்விக்குறி வேற, அருவா மாதிரி.

பேனாவக் குடுங்க மறுபடி. ‘நீ பிழியல. பழம் அப்பா பாக்கெட்டுல இருந்துச்சு. எனக்கு பதினஞ்சு நாளாத் தெரியும். அம்மா மேலதான் தப்பு.’ இத எழுதும்போது பஸ்ஸு குலுங்கல பாருங்க, எழுத்து மட்டும் கோணலா வருது. அண்ணே, இன்னொரு தடவ குடுத்துருங்க. ஏண்ணே சிரிக்கிறீங்க?

எந்திரிச்சுட்டா. இங்கதான் வர்றா. வாடி. பிடிச்சு வா, விழுந்துறாத. என்ன, சொல்லு. என்னது?

எல்லாம் அப்பவே கேட்டுச்சா? எப்பலருந்து? முட்டையிலருந்தா! நான் மெதுவாத்தான பேசினேன்? டிரைவருக்கும் கேட்டுச்சாமா? கண்டக்டர் காரியாபட்டியில டிக்கெட்டு போடாம நின்னு கேட்டாராமா? எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன்னு கணக்கு வச்சுக்கிறியா? வச்சுக்க. வச்சுக்கடி என் தங்கம். கையக் காட்டு. அன்னிக்கு எரிஞ்சுச்சா? லேசாவா? ஏண்டி சொல்லல? நான் கேக்கலையா? ஆமா, கேக்கல.

அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? அந்த மூணாவது சீட்டு காலியாத்தான் இருக்கு, அதுவும் சன்னலோரம்தான், காத்து நல்லா வரும். பதினெட்டு நாள் கத பாக்கி இருக்கு, இவகிட்ட பேசணும். பேனாவா? அவகிட்ட இருக்குக்கா, எறங்கும்போது தர்றேன். நோட்டுல என்னமோ எழுதிட்டு இருக்கா. ஏண்டி, என்னடி அது, நான் எத்தன தடவ கத்தினேன்னா?